முகத்தை வெளுத்துக் கொடுக்கச் சொல்லும் கல்யாண ஆர்டர்கள்: ஸ்டூடியோக்காரர்கள் என்ன செய்கிறீர்கள்?

சிப்புட்_ஸ்டூடியோ எழுதியது:

வணக்கம். மலேசியாவுல பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் டவுன்ல நானும் என் தங்கச்சியும் சின்ன ஸ்டூடியோ ஒன்னு நடத்துறோம். படமும் வீடியோவும் என் பொறுப்பு, எடிட்டிங்கும் ஆல்பமும் அவ பொறுப்பு. அப்பா காலத்துல ஐசி (அடையாள அட்டை) படமும் பாஸ்போர்ட் படமுமே கடை வாடகையக் கட்டிடும். 2001-ல சில்லு வச்ச மைகார்டு வந்து, பதிவு இலாகா முகப்புலயே படம் எடுக்க ஆரம்பிச்சதும் அந்த வருமானம் போச்சு. இப்ப எங்க சோறு கல்யாணம், நலங்கு, சடங்கு, கோயில் திருவிழா இதுலதான். வர்றவங்கள்ல நிறைய பேர் தோட்டத்துக் குடும்பம், இல்லன்னா தோட்டத்துல இருந்து தாமானுக்கு (வீடமைப்புப் பகுதி) மாறி வந்த குடும்பம்.

பத்து ஆர்டர் வந்தா ஒன்பதுல "முகத்த கொஞ்சம் வெளுத்துக் குடுங்க"ன்னு கேக்குறாங்க. முகப்பருவ எடுக்கச் சொன்னா, கண்ணுக்குக் கீழ இருக்குற கறுப்பக் குறைக்கச் சொன்னா அது வேற. இவங்க கேக்குறது நிறத்தையே மாத்தச் சொல்லி. போன வாரம் ஆல்பம் தேர்ந்தெடுக்க ஒரு குடும்பம் வந்துச்சு. பொண்ணு ஒரு வார்த்தை பேசல. பக்கத்துல இருந்த அத்தைதான் ஒவ்வொரு படத்தையும் காட்டி "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்"னு சொன்னாங்க. பொண்ணு குனிஞ்சு உக்காந்திருந்தா. தங்கச்சி அன்னிக்கு ராத்திரி எங்கிட்ட, "இனிமே இத என் கையால செய்யமாட்டேன்"னு சொல்லிட்டா.

எனக்கும் மனசு அவ பக்கம்தான். ஆனா மாட்டோம்னு சொன்னா அரை மணி நேரத்துல ஈப்போவுக்குப் போயிடுவாங்க. நீங்க எப்படிச் சமாளிக்கிறீங்க? வாடிக்கையாளர்கிட்ட எந்த வார்த்தையில சொல்றீங்க? இன்னொன்னும் கேக்கணும்: நாம படம் எடுக்குற விதத்துலயே அவங்க முகம் இருண்டு போய், அதனால இப்படிக் கேக்குறாங்களா?

---

பீடோர்_வீடியோ எழுதியது:

அண்ணே, கேட்டதக் குடுங்க. கல்யாணம் அவங்களோடது, காசு அவங்களோடது. 2020 மார்ச் 18-ல நடமாட்டக் கட்டுப்பாடு வந்து கல்யாணமெல்லாம் நின்னப்போ கேமரா கடன் கட்ட முடியாம எத்தனை பேர் தொழில விட்டுப் போனாங்கன்னு உங்களுக்கே தெரியும். சின்ன டவுன்ல ஒரு குடும்பம் கோவிச்சுக்கிட்டா அவங்க சொந்தம் முழுக்க வராது.

இன்னொரு பக்கமும் பாருங்க. மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க ஆல்பத்தப் புரட்டி "பொண்ணு நிறம் கம்மியோ"ன்னு வாய்விட்டே கேப்பாங்க. அத அந்தப் பொண்ணு காதுல வாங்கணும். நான் ரெண்டு புள்ளி ஏத்திக் குடுக்குறது அவளுக்கு உதவின்னு நினைச்சுத்தான்.

---

லென்ஸ்_தம்பி எழுதியது:

அண்ணே, உங்க கடைசிக் கேள்விக்கு என்னோட பதில்: ஆமா, பாதிக்கு மேல படம் எடுக்கும்போதே நடக்குது.

கேமராவுல வெளிச்சத்த அளக்குற மீட்டர் எதப் பாத்தாலும் அத 18 விழுக்காடு வெளிச்சத்தத் திருப்புற நடுச் சாம்பலா ஆக்கப் பாக்கும். நம்ம கோயில் மண்டபத்துல என்ன இருக்கு? வெள்ளை டைல்ஸ், வெள்ளை வேட்டி, வெள்ளை ஜிப்பா, ஐயர் தோள்ல வெள்ளைத் துண்டு. ஃபிரேம் முழுக்க வெள்ளை. கேமரா "வெளிச்சம் அதிகம்"னு நினைச்சு மொத்தத்தையும் இறக்கிடும். வேட்டி சாம்பலாகும், மாநிற முகம் ஒரு ஸ்டாப்புக்கும் அதிகமா, அதாவது பாதி வெளிச்சத்துக்கும் கீழ இறங்கிடும். அப்புறம் எடிட்டிங்ல முகத்த மட்டும் தூக்குனா, நிழல்ல இருந்து எடுத்த நிறம் சாம்பல் பூத்து வரும். அதப் பாத்துட்டுத்தான் "கறுப்பா இருக்கு"ங்கிறாங்க. அவங்க கண்ணுக்குக் குறையாப் படுறது முகத்துல உசிர் இல்லாதது. அதச் சொல்ல அவங்களுக்குக் கிடைச்ச வார்த்தை "வெளுத்துக் குடுங்க".

என் வழக்கம்: முகத்து மேல ஸ்பாட் மீட்டர் (ஒரு சின்ன இடத்த மட்டும் அளக்குறது) வச்சுப் பாப்பேன். ரா ஃபைலாத்தான் (கேமரா பதிஞ்சத சுருக்காம அப்படியே வைக்குறது) எடுப்பேன். வேட்டியில விவரம் எரியாத அளவுக்கு எக்ஸ்போஷர மேல தள்ளுவேன். வீடியோவுல ஸீப்ராவ (வெளிச்ச அளவத் திரையில கோடு போட்டுக் காட்டுற வசதி) முகத்துக்கு 70 விழுக்காட்டுல வைக்கச் சொல்லி நிறைய பாடம் இருக்கு. அது வெள்ளைக்காரங்க தோலுக்கு வச்ச கணக்கு. நம்ம ஆளுங்க முகத்துக்கு 45-ல இருந்து 55-க்குள்ள வச்சாப் போதும். 70-க்குத் தூக்குனா பொண்ணு முகத்துல இருக்குற செம்பழுப்பெல்லாம் கரைஞ்சிடும்.

எடிட்டிங்ல நிறத்த வட்டத்துல அளந்து காட்டுற வெக்டர்ஸ்கோப்புல தோலுக்குன்னு ஒரு கோடு இருக்கும் தெரியுமா? நார்வேக்காரரா இருந்தாலும் நம்ம பாட்டியா இருந்தாலும் தோலோட சாயல் ஏறக்குறைய அந்தக் கோட்டுலதான் விழும், ஏன்னா எல்லார் தோலுக்கும் கீழ ஓடுறது அதே ரத்தம். வெளிச்ச அளவும் செறிவும்தான் ஆளுக்கு ஆள் மாறும். இத என் குரு காட்டுன அன்னிக்கு நான் ரொம்ப நேரம் அந்தத் திரையையே பாத்துக்கிட்டிருந்தேன்.

அப்புறம் விளக்கு. கோயில்லயும் டேவான்லயும் (பொது மண்டபம்) இருக்குற மலிவு எல்இடி குழல் விளக்குல சிவப்பு ரொம்பக் கம்மி. பெட்டியில "சிஆர்ஐ 80"னு போட்டிருப்பான், விளக்கு நிறத்த எவ்வளவு உண்மையாக் காட்டும்ங்கிற எண் அது. அந்தக் கணக்குல முதல் 8 நிறம்தான் சேரும். ஆழ்ந்த சிவப்பு 9-ஆவது, அது கணக்குலயே வராது. சிவப்பு இல்லாத விளக்குக்குக் கீழ மாநிறம் பச்சை ஓடித் தெரியும். வெள்ளைத் தோல்ல அது அவ்வளவா தெரியாது. நம்ம தோல்ல உடனே தெரியும். நல்ல விளக்கு ஒன்னையாவது கையோட கொண்டு போங்க.

---

பழைய_நெகட்டிவ் எழுதியது:

லென்ஸ் தம்பி சொல்வதில் ஒரு வரலாறும் இருக்கிறது. கறுப்பு வெள்ளைக் காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

ஆரம்ப காலத்து ஆர்த்தோகுரோமடிக் பிலிமுக்குச் சிவப்பு நிறம் தெரியாது. மாநிறத் தோல் இருப்பதைவிடப் பல மடங்கு கறுப்பாகப் பதியும். பழைய ஆல்பங்களில் நம் பாட்டன் பூட்டன் முகங்கள் நிழல்போல் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். பிறகு கலர் வந்தது. கோடாக் நிறுவனம் லேப்களுக்கு அனுப்பிய அளவு அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும். 'ஷெர்லி அட்டை' என்பார்கள். அந்த முகம் சரியாக வந்தால் இயந்திரம் சரி என்று பொருள். உலகம் முழுவதும் லேப்கள் அந்த ஒரு தோலை வைத்தே நிறம் பார்த்தன. அடர்பழுப்பு சரியாகப் பதியவில்லை என்று சாக்லேட் நிறுவனங்களும் மரச்சாமான் நிறுவனங்களும் முறையிட்டதும், பின்னாளில் பிலிம் மேம்பட ஒரு காரணம் என்று கனடாவின் கான்கோர்டியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லோர்னா ரோத் 2009-இல் எழுதிய ஆய்வில் பதிவாகியிருக்கிறது. சாக்லேட்டுக்கு இருந்த குரல், அந்த நிறத்து மனிதர்களுக்கு இருக்கவில்லை.

ஈப்போ லேப்புக்கு ரோல் அனுப்பும்போது நான் உறையின் மேல் எழுதியே அனுப்புவேன்: "குடும்பம் மாநிறம், வேட்டி வெள்ளையாக வரட்டும், முகத்தைத் தூக்காதே." பிரிண்ட் போடும் மினிலேப் இயந்திரமும் தானாகச் சராசரி பார்க்கும். அடர்த்திப் பொத்தானை ஒரு படி ஏற்றுவதா இறக்குவதா என்பது இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பவரின் கையில் இருந்தது. நல்ல ஆப்பரேட்டர் கிடைத்தால் அவரை விடமாட்டோம். தீபாவளிக்கு முறுக்குச் சட்டியோடு போய்ப் பார்ப்போம்.

லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) வாசலில் குடும்பப் படம் எடுக்கக் கூப்பிடுவார்கள். விடியற்காலையில் ரப்பர் பால் வெட்டப் போன தாய், பகலெல்லாம் வெயிலில் மருந்தடித்த தகப்பன், பள்ளிச் சீருடையில் பிள்ளைகள். ஒரே குடும்பத்தில் ஐந்து நிறம் இருக்கும். அந்த ஐந்தும் தனித்தனியாகத் தெரிந்தால்தான் அது அந்தக் குடும்பத்தின் படம். அந்த லயங்கள் பல இன்று இல்லை, செம்பனையும் வீடமைப்பும் வந்துவிட்டன. படத்தில் மட்டுமே இருக்கும் மனிதர்கள் அவர்கள். ஆகவே பீடோர் தம்பி, வாடிக்கையாளர் பணம் கொடுக்கிறார் என்பது உண்மைதான், ஆனால் அந்தப் படத்தைப் பார்க்கப்போகிறவர்கள் இன்னும் பிறக்கவில்லை.

---

மேக்கப்_அக்கா எழுதியது:

என் பக்கத்தையும் சொல்லிடுறேன், ஏன்னா பாதி பழி எங்க தலையில விழும்.

பொண்ணோட கழுத்தவிட ரெண்டு ஷேட் மேல ஃபவுண்டேஷன் போடச் சொல்லி அம்மாமாருங்க நிப்பாங்க. போட்டா கண்ணாடியில அழகாத்தான் தெரியும். ஃபிளாஷ் அடிச்சதும் முகம் தனி, கழுத்து தனி, காது தனி. சுவத்துக்குப் பூச்சு அடிச்ச மாதிரி ஆயிடும். அதோட சன்ஸ்கிரீன் கலந்த கிரீம்ல டைட்டானியம் டைஆக்ஸைடு, ஜிங்க் ஆக்ஸைடு இருக்கும், சில பவுடர்ல சிலிக்கா இருக்கும். நேர் ஃபிளாஷ்ல இதெல்லாம் வெளிச்சத்தத் திருப்பி அடிச்சு முகம் மாவு பூசுன மாதிரி வரும். அதனாலதான் நான் ஃபிளாஷ் போட்டு என் ஃபோன்ல ஒரு படம் எடுத்துப் பாக்காம எந்தப் பொண்ணையும் மணவறைக்கு அனுப்பறதில்ல.

நலங்கு மஞ்சளையும் மறந்துடாதீங்க. முந்தின ராத்திரி பூசுன மஞ்சள் மறுநாள் முகூர்த்தத்துக்கும் தோல்ல நிக்கும். கேமராவுல தானியங்கி ஒயிட் பேலன்ஸ் வச்சிருந்தா அது மஞ்சளைத் தணிக்கப் போய் முகத்த நீலம் பாயவச்சிடும். கையால வைங்கப்பா.

தம்பி சிப்புட், கல்யாணத்துக்கு முன்னாடி மேக்கப் டிரையல் நடக்குறப்ப நீங்களும் கேமராவோட வாங்க. அன்னிக்கே படம் எடுத்து, பொண்ணுகிட்ட மட்டும் காட்டுங்க. அத்தைகிட்ட இல்ல. அவ தன் முகத்த நல்ல வெளிச்சத்துல பாத்துட்டா, அப்புறம் அவளே பேசுவா. இத நான் பல தடவை பாத்திருக்கேன்.

---

கூரைப்புடவை எழுதியது:

நான் ஸ்டூடியோ ஆள் இல்ல, கல்யாணம் ஆன பொண்ணு. தோட்டத்துல பிறந்து வளர்ந்தவ. இந்த இழைய ரெண்டு நாளா வாசிச்சுக்கிட்டிருக்கேன், எழுதாம இருக்க முடியல.

எங்க ஆல்பத்துல என் முகம் வெள்ளையா இருக்கு, கை என் நிறத்துல இருக்கு. தாலி கட்டுற படத்துல மாப்பிள்ளை கையும் என் கழுத்தும் ஒரு நிறம், அதுக்கு மேல வேற யாரோ மாதிரி ஒரு முகம். எங்கிட்ட யாரும் கேக்கல. "எல்லாருக்கும் செய்றதுதான்"னு சொல்லிட்டாங்க. எல்லாப் படத்துக்கும் ஒரே பிரீசெட்ட (முன்கூட்டியே வச்ச திருத்தம்) ஓட விட்டதுல அப்பாவும் வெளுத்துட்டாரு. எங்கப்பா செம்பனைக் குலை வெட்டுற ஆள். கழுத்துல துண்டு கிடந்த இடம் மட்டும் நிறம் மாறி இருக்கும், சின்ன வயசுல நான் அதத் தொட்டுப் பாத்துக்கிட்டே தூங்குவேன். படத்துல அந்தக் கோட்டக் காணோம். ஆச்சி மூக்குத்தி வெளிச்சத்துல கரைஞ்சு போச்சு. மூலப்படம் கேட்டேன், அழிச்சிட்டோம்னாங்க.

பீடோர் அண்ணே, நீங்க உதவின்னுதான் செய்றீங்க, புரியுது. ஆனா வெளுத்துக் குடுக்குற ஒவ்வொரு படமும் எங்ககிட்ட சொல்றது என்ன தெரியுமா? "நீ இருக்குறபடி ஆல்பத்துல இருக்க முடியாது." மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க ஒரு நாள் சொல்லிட்டுப் போயிடுவாங்க, ஆல்பம் எங்க வீட்டுலயே இருக்கும்.

சிப்புட் அண்ணே, உங்க தங்கச்சிகிட்ட நான் நன்றி சொன்னேன்னு சொல்லுங்க.

---

பீடோர்_வீடியோ எழுதியது:

தங்கச்சி, நீ எழுதுனத என் வீட்டுக்காரிகிட்டயும் காட்டுனேன். அப்பா கழுத்துக் கோடு விஷயம் மனசுல நிக்குது.

ஆனா இன்னொரு சிக்கல் இருக்கு, அத யாரும் தொடல. ஃபோன். கல்யாணம் முடியறதுக்குள்ள சொந்தக்காரங்க எடுத்த படம் வாட்சாப்ல பறந்திடும். அந்த ஃபோன்ல முகத்த அழகாக்குற வசதி ஏற்கெனவே ஓடிக்கிட்டிருக்கும், பல பேருக்கு அது ஓடுறதே தெரியாது. எல்லாரும் பளபளன்னு வெள்ளையா இருப்பாங்க. ரெண்டு வாரம் கழிச்சு நம்ம படம் போகுது. "ஃபோன்லயே நல்லா வந்துச்சே, உங்க படத்துல ஏன் கறுப்பா இருக்கோம்?"னு கேக்குறாங்க. என்னத்தச் சொல்ல?

---

லென்ஸ்_தம்பி எழுதியது:

அண்ணே, அதுக்கு ஒரே மருந்து பிரிண்ட். திரை தானா ஒளிர்ற பொருள், ஃபோன முழு வெளிச்சத்துல வச்சுப் பாக்குறவங்களுக்கு எந்தப் பிரிண்டும் இருட்டாத்தான் தெரியும். எடிட் பண்ற மானிட்டரோட வெளிச்சத்தயும் சதுர மீட்டருக்கு 100-ல இருந்து 120 கேண்டலாவுக்குள்ள அளந்து வைக்கணும். இல்லன்னா திரையில சரியா இருந்தது தாள்ல ஒரு படி இறங்கி வரும், பழி தோல் மேல விழும்.

ஃபோன் கம்பெனிங்களுக்கே இப்ப இது உறைக்க ஆரம்பிச்சிருக்கு. கூகுள் 2021-ல பிக்சல் 6 ஃபோன்ல மாநிற, கறுப்பு நிறத் தோலுக்குன்னு கேமராவத் திருத்துனாங்க. 2022-ல ஹார்வர்ட் பேராசிரியர் எல்லிஸ் மங்க் கூடச் சேர்ந்து 10 தோல் நிறம் கொண்ட அளவுகோல் ஒன்னையும் வெளியிட்டாங்க. அவங்களே நிறத்த நிறமாக் காட்டணும்னு வேலை பாக்குறப்போ நாம ஏன் பின்னாடி போகணும்?

---

தாதி எழுதியது:

அரசாங்க மருத்துவமனையில் வேலை செய்கிறேன். நீங்கள் எல்லாரும் படத்தில் வெளுப்பதைப் பற்றிப் பேசுகிறீர்கள். அது தோலுக்கும் போகிறது என்பதைச் சொல்லவே வந்தேன்.

கல்யாணத்துக்கு மாதக்கணக்கில் முன்பே வெள்ளையாக்கும் கிரீமைப் பூச ஆரம்பிக்கிறார்கள். பாசார் மாலாமிலும் (இரவுச் சந்தை) இணையத்திலும் பெயர் தெரியாத டப்பாக்களில் கிடைக்கிறது. சுகாதார அமைச்சின் கீழுள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமை, பாதரசமும் ஹைட்ரோகுவினோனும் கண்டுபிடிக்கப்பட்ட அழகுப் பொருள்களின் பட்டியலை அவ்வப்போது வெளியிட்டு, அவற்றை விற்கக்கூடாது என்று அறிவிக்கிறது. பாதரசம் தோல் வழியாக உடம்புக்குள் போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும், நரம்பையும் பாதிக்கும். கர்ப்பமானால் வயிற்றில் உள்ள பிள்ளைக்கும் போகும். கல்யாணம் முடிந்த கையோடு கர்ப்பமாகும் பெண்கள் எத்தனை பேர்! அதுதான் எனக்குப் பயம்.

ஆர்டர் பேசும் நாளில் "வெளுத்துத் தருகிறோம்" என்று நீங்கள் சொல்லும்போது, உன் நிறம் சரிசெய்ய வேண்டிய ஒன்று என்று ஒரு பெண் கேட்கிறாள். வீட்டுக்குப் போய் என்ன வாங்குகிறாள் என்பது உங்களுக்குத் தெரியாது. தயவுசெய்து கடை முன்னால் வைக்கும் மாதிரிப் படங்களில் ஒன்றாவது நம் நிறத்துப் பெண்ணாக இருக்கட்டும்.

---

சிப்புட்_ஸ்டூடியோ எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மேக்கப் அக்கா சொன்னத இந்த மாசக் கல்யாணத்துலயே செஞ்சு பாத்தோம்.

பொண்ணு சங்காட் சாலாக் பக்கம். டிரையலுக்குப் போய், ஜன்னல் பக்கம் உக்கார வச்சு, முகத்துக்கு அளந்து எடுத்தேன். தங்கச்சி அங்கேயே லேப்டாப்புல போட்டு, பருவ மட்டும் எடுத்துட்டு, நிறத்தத் தொடாம காட்டுனா. பிறகு அதே படத்த வழக்கமா வெளுக்குற மாதிரி வெளுத்து ரெண்டு பிரிண்ட் போட்டு, கல்யாணத்துக்கு முன்னாடியே பொண்ணு கையில குடுத்தோம். பொண்ணு நிறம் தொடாதத எடுத்துக்கிட்டா. கம்மல் கல்லும் கூரைப்புடவை அரக்கும் அதுலதான் எடுப்பா இருக்குன்னு அவளே சொன்னா. அவ அம்மா கொஞ்சம் தயங்குனாங்க, ஆனா பிரிண்ட் ரெண்டயும் பகல் வெளிச்சத்துக்குக் கொண்டு போய்ப் பாத்துட்டு ஒன்னும் சொல்லல.

எல்லாக் குடும்பமும் இப்படி ஒத்துக்கும்னு நான் நினைக்கல. அதனால ஒப்பந்தத் தாள்ல ரெண்டு வரி சேக்குறோம். ஒன்னு: தோல்ல வந்து போற பரு, காயம், வீக்கம் எடுக்கப்படும், தோல் நிறம் மாத்தப்படாது. ரெண்டு: படத் திருத்தம் பத்தி முடிவு சொல்லவேண்டியவங்க பொண்ணும் மாப்பிள்ளையும்தான். ரெண்டாவது வரிய எழுதச் சொன்னது தங்கச்சி. மூலப் படத்தயும் ஹார்ட் டிஸ்க்ல ரெண்டு இடத்துல வைக்கப் போறோம், கூரைப்புடவை தங்கச்சிக்கு நடந்தது எங்க கடையில நடக்கக்கூடாது.

ஒரு சந்தேகம். நல்லா வந்த மாநிறப் படங்கள கடை ஜன்னல்லயும் ஃபேஸ்புக்லயும் போடலாமா? படம் நம்மளோடதுதானே?

---

பழைய_நெகட்டிவ் எழுதியது:

தம்பி, அதில் கவனம் வேண்டும். நம் நாட்டின் 1987 பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 26(2)-இன்படி, ஒருவர் கேட்டுச் செய்துகொடுத்த படைப்பின் உரிமை கேட்டவருக்கே போய்ச் சேர்ந்ததாகக் கருதப்படும், ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தால் தவிர. அதாவது எழுதி வாங்காவிட்டால் கல்யாணப் படம் அவர்களுடையது. அந்த ஒப்பந்தத் தாளிலேயே மூன்றாவது வரியாக, எந்தப் படத்தைக் கடையில் வைக்கலாம் என்று பெண்ணிடம் தனியாகக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். சரி என்பவர் படத்தைப் பெரிதாகப் போட்டு, தெருவில் போகிறவர்கள் பார்க்கிற உயரத்தில் வையுங்கள்.

---

பீடோர்_வீடியோ எழுதியது:

நான் இன்னும் கேட்டதக் குடுக்கணும்னுதான் சொல்வேன். ஆனா யார் கேட்டதுங்கிறத இனிமே பாப்பேன். அத்தை, சித்தி கேட்டா "பொண்ணு ஃபோன் பண்ணிச் சொல்லட்டும்"னு சொல்லிடப் போறேன். பொண்ணே வந்து வெளுக்கச் சொன்னா செஞ்சு குடுப்பேன், அத மறுக்க எனக்கு மனசு வராது. ஆனா அதுக்கு முன்னாடி சிப்புட் அண்ணன் மாதிரி ரெண்டு பிரிண்ட் கையில குடுப்பேன்.

லென்ஸ் தம்பி, ஒன்னு சொல்லு. டின்னர் மேடையில பின்னாடி எல்இடி திரை, மேல ஊதா நிற விளக்கு, வீடியோவுல கோடு கோடா ஓடுது, முகமும் கத்திரிக்கா நிறம். அங்க என்ன செய்யலாம்?

---

லென்ஸ்_தம்பி எழுதியது:

நம்ம நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதுல எரியுற விளக்கு வினாடிக்கு 100 தடவை துடிக்கும். வினாடிக்கு 25 ஃபிரேம்ல எடுத்து ஷட்டர 1/50 இல்லன்னா 1/100 வினாடியில வைங்க, டேவான் விளக்கால வர்ற கோடு நின்னுடும். எல்இடி திரைக்குத் தனித் துடிப்பு இருக்கு, அதுக்கு ஷட்டர நுணுக்கமா நகத்துற வசதி உங்க கேமராவுல இருந்தா திரையப் பாத்துக்கிட்டே நகத்துங்க. ஊதா விளக்க எடிட்டிங்ல சரி பண்ண முடியாதுண்ணே, சிவப்பும் நீலமும் மட்டும் முகத்துல விழுந்தா மீதி நிறம் பதிவாகவே இல்லன்னு அர்த்தம். சாயந்தரமே போய் டெக்கரேஷன்காரர்கிட்ட பேசி, பொண்ணு மாப்பிள்ளை உக்காருற இடத்துக்கு மட்டும் ஊதாவ அணைக்கச் சொல்லுங்க. முன்பக்கம் உங்க வெள்ளை விளக்கு ஒன்னு, தலைக்கு மேல கொஞ்சம் ஓரமா. கேக் வெட்டி முடிஞ்சதும் ஊதாவப் போட்டுக்கட்டும், ஆட்டம் ஆடுறப்ப அது நல்லாத்தான் இருக்கும்.